ஒட்டு

போன மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 11 புள்ளி, அதாவது 11 பங்குக் குடும்பம், கையெழுத்துப் போட வேண்டிய வீடு. எப்படியோ எல்லாரும் சம்மதித்து விலைக்கு வந்துவிட்டது. வாங்க வந்தவரிடம் தரகர் தம்பி பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று அடுக்கிக்கொண்டே வந்தார். உள்முற்ற வளவுக்குள் நுழைந்ததும் சுவரைத் தட்டி, "இது முட்டைச் சுவர் சார். அந்தக் காலத்துல முட்டைய அடிச்சுப் பூசிருவாங்க" என்றார். என் 50 வருடப் பூச்சுத் தொழிலை ஆம்லெட் ஆக்கிவிட்டார்.

முட்டை கடைசிப் பூச்சில் வருவது. சுண்ணாம்பு குழியில் ஊற வேண்டும், கடுக்காய்த் தண்ணி பதத்துக்கு வர வேண்டும், பூச்சுக்குப் பூச்சு மணல் மெலிய வேண்டும். தேய்க்கும் மணியாசுக்கட்டையை எப்போது கீழே வைப்பது என்பதும் தெரிய வேண்டும். ஆனால் கஷ்டமெல்லாம் ஒரு கைப் பூச்சு இன்னொரு கைப் பூச்சோடு சேரும் ஒட்டில்தான்.

கடைசிப் பூச்சான வெண்சாந்தைத் தொட்டுவிட்டால் அந்தச் சுவர் முடியும்வரை கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒரு பக்கம் இறுகியிருக்கும், மறுபக்கம் ஈரம். எத்தனை தேய்த்தாலும் கோடு போகாது. என் பெரியப்பா சாரத்தில் மேலே 3 பேர், கீழே 2 பேர் நிறுத்துவார். மேலே இருப்பவன் விடும் ஈர விளிம்பைக் கீழே இருப்பவன் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சு கிடையாது, வெற்றிலை கிடையாது. கூழாங்கல்லால் தேய்க்கும்போது சரசரப்பு அடங்கினால் பதம். பிறகு சுவர் வேர்க்கும். அதை வேட்டித்துணியால் ஒற்றி எடுப்பதே சில நாள் வேலை.

1972இல், இப்போது விலைக்கு வந்த இதே வீட்டில் கல்யாணம். மழையில் ஊறிய கிழக்குச் சுவரைப் புதிதாகப் பூசினோம். எனக்கு 19 வயது. தண்ணீர் குடிக்க இறங்கியவன், அடுப்படிப் பக்கம் பேச்சில் கால்மணி நேரம் நின்றுவிட்டேன். திரும்பி ஏறினால் பெரியப்பா என் பங்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீயே பூசு" என்றார். கோடு விழுந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசவா என்றேன். "இருக்கட்டும். வரும்போதெல்லாம் பாரு." வீட்டு ஆச்சிமார் கண்ணில் அது கடைசிவரை படவில்லை.

இப்போது பையன்கள் வாளியில் பட்டியைக் கலக்கி இழுத்து, மெழுகு தேய்த்து, அதைச் செட்டிநாட்டுப் பூச்சு என்று கூலி வாங்குகிறார்கள். ஹோட்டலாக மாற்றிய சில வீடுகளில் சுண்ணாம்புச் சுவர்மேலேயே எமல்ஷன். ஈரம் வெளியேற வழியில்லை. ஒரு ஐப்பசி மழைக்குக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. கரண்டி பிடிக்க ஒரு பையன் ஏறி வரவில்லை. தூண், நிலை, கதவு என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தனித்தனியாக விலை போகும். சுவரைக் கழற்றிக்கொண்டு போக முடியாதே, அதற்கு யார் விலை சொல்வார்?

வாங்க வந்தவர், ஏசிக்காகப் போட்ட துளையைக் காட்டி எத்தனை நாளில் அடைக்கலாம் என்றார். அடைத்தால் ஒட்டுத் தெரியும், முழுச் சுவரும் பூசணும், சுண்ணாம்பு ஊறவே ஒரு மாதம் என்றேன். அவர் தரகரைப் பார்த்தார்.

தரகர் பேச்சை மாற்றினார். கைபேசி வெளிச்சத்தைக் கிழக்குச் சுவரில் அடித்து, உள்ளங்கையால் நீளத் தடவிக்கொண்டே போனார். "பாருங்க சார், ஒரு ஒட்டு இருக்கா?"

அவர் கை அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிற்று.