டிரைவர் இல்லாத ரயில்

இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் சின்ன புரோகிராம் ஒன்று. 'எல்லா ஜோடிகளையும் போட்டுப் பார்த்துட்டா போச்சு' என்பீர்கள். விநாடிக்கு நூறு கோடி ஜோடி பார்த்தாலும் சுமார் 584 வருஷம் ஆகும். காத்திருப்பீர்களா?

எனவே, உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் நிரூபணம் கேட்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவின் 14-ம் லைனில் 1998-லிருந்து டிரைவர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. அதன் பாதுகாப்பு சாஃப்ட்வேரை, ஸ்கூல் ஜியாமெட்ரி தேற்றம் போலப் படிப்படியாக நிரூபித்தே எழுதினார்கள். 'பி மெத்தட்' என்று பெயர். நிரூபித்த பகுதியில், பிற்பாடு டெஸ்ட் பண்ணியபோது ஒரு பிழைகூட அகப்படவில்லை.

ஒரே ஒரு சிக்கல். 'ரயில் ஓடும்போது கதவு திறக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தால்தான் கணிதம் அதை நிரூபிக்கும். நாம் கேட்க மறந்ததை நிரூபிக்காது. என்ன கேட்பது என்று யோசிக்கும் வேலை இன்னமும் மனுஷனுக்குத்தான்.