உயிர்க் காலேஜ்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து தாத்தாவோ பாட்டியோ வந்துவிட்டால் அந்த வாரம் முழுவதும் திருவிழாதான். வந்தவரை எங்கே அழைத்துச் செல்வது என்னும் பேச்சு அன்றாடம் எழும். அப்படி ஒரு குடும்பத்தில், ஒரு நவம்பர் மாதம், சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருந்த தாத்தாவிடம் பேரக்குழந்தைகள் இருவரும் கேட்டார்கள்: “தாத்தா, உங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும்?”

“இங்கே உயிர்க் காலேஜ் இருக்கிறதா?” என்று கேட்டார் தாத்தா.

எட்டு வயதுத் தம்பி விழித்தான். பன்னிரண்டு வயது அக்காளுக்கும் புரியவில்லை. அப்பா சிரித்துவிட்டு விளக்கினார். பழைய சென்னை மக்கள் விலங்குக் காட்சிச் சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், பாடம் செய்யப்பட்ட விலங்குகளை வைத்திருந்த எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். காணும் பொங்கலன்று இரண்டையும் பார்ப்பது அக்காலக் குடும்பங்களின் வழக்கம். மூர் மார்க்கெட்டை அடுத்து இருந்த அந்த விலங்குக் காட்சிச் சாலைதான் பின்னர் வண்டலூருக்கு மாறி, 1985ஆம் ஆண்டு முதல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விளங்குகிறது.

வெள்ளிக்கிழமையே போகலாம் என்று தம்பி துள்ளினான். தில்லியின் தேசிய உயிரியல் பூங்காவிற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றார் அம்மா. “விலங்குகளுக்கு எதற்கு விடுமுறை?” என்று அவன் முகம் வாடினான். அவனுக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி உண்டு முடித்ததும் ஐவரும் பேருந்தில் புறப்பட்டார்கள்.

பழைய கோட்டையின் மதிற்சுவரை ஒட்டிப் பரந்து கிடக்கிறது அந்தப் பூங்கா. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திறக்கப்பட்டது. நுழைவாயிலில் காவலர் பைகளைத் திறந்து பார்த்தார். தின்பண்டங்களுக்கு அனுமதி இல்லை; தண்ணீருக்கு மட்டுமே உண்டு. அம்மாவின் பையில் தண்ணீர்க் குப்பிகளே இருந்தன. தம்பியின் கால்சட்டைப் பையை எவரும் பார்க்கவில்லை. அதில் ஒரு சிறிய பிஸ்கட் பொட்டலம் இருந்தது. குரங்குகளுக்குக் கொடுப்பதற்காக முதல் நாளே அதை எடுத்து வைத்திருந்தான். உள்ளே நுழைந்தது முதல் அவனது வலக்கை அந்தப் பையை விட்டு அகலவில்லை. அக்காள் அதைக் கவனித்தாள், ஒன்றும் கூறவில்லை.

தாத்தாவுக்கு முழங்கால் வலி. பூங்காவில் ஓடும் மின்கல வண்டியில் சிறிது தொலைவும் நடந்து சிறிது தொலைவுமாகச் சென்றார்கள். “கம்பிகள் எங்கே?” என்று தாத்தா வியந்தார். அவர் சிறுவயதில் கண்ட கூண்டுகளில் விலங்குக்கும் மனிதர்க்கும் இடையே இரும்புக் கம்பிகள் நின்றன. இங்கோ பல இடங்களில் அகழிகளே இருந்தன. கம்பிக்குப் பதில் அகழி அமைக்கும் முறையைக் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெரிய அளவில் செய்து காட்டினார். தில்லிப் பூங்காவைத் திட்டமிட்டதில் அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த வல்லுநருக்கும் பங்கு உண்டு.

மணிப்பூரின் சங்காய் மான்கள் இருந்த இடத்தில் அப்பா நின்றார். “இந்த இனம் அழிந்தே போயிற்று என்று 1951ஆம் ஆண்டு வாக்கில் எண்ணினார்கள். பிறகு லோக்டாக் ஏரியின் மிதக்கும் புல்வெளிகளில் சில மான்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1975ஆம் ஆண்டு எண்ணிப் பார்த்தபோது 14 மட்டுமே இருந்தன. அவற்றைக் காட்டிலும் பாதுகாத்தார்கள், இத்தகைய பூங்காக்களிலும் வளர்த்தார்கள்” என்றார். அக்காள் பதினான்கு என்பதை விரல்களில் எண்ணிப் பார்த்தாள். அவளது வகுப்பில் பாதிகூட இல்லை.

புலியின் அகழியருகே பெருங்கூட்டம். வெள்ளைப் புலி மர நிழலில் படுத்திருந்தது. இளைஞர் சிலர் கைதட்டி ஓசை எழுப்பினார்கள். சிலர் சீழ்க்கை அடித்தார்கள். தம்பியும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, “எழுந்திரு! எழுந்திரு!” என்று இந்தியில் கூவினான். புலியின் காது மட்டும் ஒருமுறை அசைந்தது. அவன் இன்னும் உரக்கக் கூவினான்.

தாத்தா அவன் தோளைத் தொட்டார். கடிந்துகொள்ளவில்லை. அருகிலிருந்த கல் இருக்கைக்கு அழைத்துச் சென்று அமர்த்தினார்.

“கண்ணா, உன் வயதில் நானும் ஒரு காரியம் செய்தேன். ஒரு காணும் பொங்கலன்று, உயிர்க் காலேஜில் ஒரு கரடி உறங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்து ஆடும் என்று எண்ணி, கம்பிகளின் இடையே ஒரு கல்லை எறிந்தேன். அதன் மூக்கில் பட்டது.”

“கரடி உறுமியதா?”

“இல்லை. உறுமியிருந்தால் நான் மறந்திருப்பேன். மெல்ல எழுந்தது, மூலைக்குச் சென்றது, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அன்று மாலைவரை அது திரும்பவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை ஒருவரும் திட்டவில்லை. அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த முதுகு மட்டும் இன்னும் என் கண்முன் நிற்கிறது.”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் கல் எறியவில்லையே, தாத்தா” என்றான் சற்று நேரம் கழித்து.

“ஆம், நீ எறியவில்லை” என்றார் தாத்தா.

புலி இரவிலும் விடியலிலும் அந்தியிலும் நடமாடும் விலங்கு, பகலில் உறங்குவது அதன் இயல்பு, சோம்பலன்று. விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றிற்கு உணவிடுவதும், ஓசையெழுப்பி அமைதியைக் குலைப்பதும், குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். அப்பா இவற்றையெல்லாம் அறிவிப்புப் பலகையின் அருகே நின்று விளக்கினார். அன்புடன் கொடுக்கும் பிஸ்கட்டும் குற்றமா என்று கேட்கத் தம்பியின் வாய் வரை வந்தது, கேட்கவில்லை. குரங்குகள் இருந்த இடத்தில் ஒரு குட்டி அவனை நோக்கிக் கை நீட்டியது போலிருந்தது. அவனது கை பைக்குள் சென்றது. சிறிது நேரம் அங்கேயே இருந்தது. வெறுமையாக வெளியே வந்தது.

பின்னர்க் குளக்கரைக்கு வந்தார்கள். நீர் நடுவே இருந்த மரங்களில் நூற்றுக்கணக்கான பெரிய பறவைகள். மஞ்சள் நிற நீண்ட அலகு, செம்மை படர்ந்த முகம், வால் பக்கத்தில் ரோஜா நிறச் சிறகுகள். கூடுகளில் குஞ்சுகள் கத்தின. ஒரு தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து நின்றது.

“இது ஜாங்கில்” என்றான் தம்பி. இந்தி வகுப்பில் படித்த பெயர் அது.

“நம் ஊரில் இதற்கு மஞ்சள் மூக்கு நாரை என்று பெயர். வேடந்தாங்கலில் பார்த்திருக்கிறேன்” என்றார் தாத்தா.

“இவற்றைப் பிடித்து வந்தது யார்?”

“எவரும் பிடித்து வரவில்லை” என்றார் அப்பா. “இவை காட்டுப் பறவைகள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் தாமாகவே வருகின்றன. கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அவை பறக்கக் கற்றபின் போய்விடுகின்றன. தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டுகின்றன.”

தம்பி சுற்றிலும் பார்த்தான். மேலே வலை இல்லை, கூண்டும் இல்லை. “பூட்டே இல்லாதபோது ஏன் இங்கே இருக்கின்றன?” என்று கேட்டான். அவனையறியாமலே குரலைத் தாழ்த்தியிருந்தான்.

“யமுனை அருகில் இருக்கிறது, மீன் கிடைக்கும். நீர் சூழ்ந்த மரம் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு” என்றார் அப்பா.

“கல் எறிபவர் இல்லை என்று நம்பியும் இருக்கலாம்” என்றார் தாத்தா.

நெடுநேரம் அவர்கள் அங்கேயே நின்றார்கள். அன்று அவர்கள் மிகுதியாகப் பார்த்தது அந்த நாரைகளைத்தான்.

வாயிலுக்கு வெளியே வந்ததும் தம்பி கால்சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். பிஸ்கட்டுகள் நொறுங்கித் தூளாகியிருந்தன. அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்காள் அம்மாவின் கையை மெல்ல அழுத்தினாள். தாத்தா உள்ளங்கையை நீட்டினார். தம்பி முதலில் அவருக்குக் கொடுத்தான். பிறகு மற்றவர்களுக்கும் பங்கிட்டான்.

திரும்பும் பேருந்தில் அவன் தாத்தாவின் தோளில் சாய்ந்திருந்தான். உறங்கிவிட்டான் என்றே எண்ணினார்கள்.

“தாத்தா, வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் அல்லவா?”

“வரமாட்டார்கள்.”

“அப்படியானால் புலி நன்றாகத் தூங்கும்” என்று கூறிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டான்.

சிந்தித்து எழுதுக

1. “உறுமியிருந்தால் நான் மறந்திருப்பேன்” என்று தாத்தா கூறியது ஏன்?
2. குரங்குகளின் முன் தம்பியின் கை வெறுமையாக வெளியே வந்ததற்குக் காரணம் என்ன?
3. நீங்கள் வாழும் ஊரில் காணும் ஒரு பறவையின் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் கேட்டறிந்து, அதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.