ஆறு வார அமானிதம்



மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவன் பாம்புக்கு உணவூட்டியதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. சென்ற கோடையில் ஆறு வார காலம் கே.ஜி.கண்டிகையில் உள்ள எங்கள் வீட்டின் உள்ளறையில் ஒரு மலைப்பாம்பு வாழ்ந்தது. அது என் அக்கா மகனுடையது. சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் அவனை நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. "மாமு, உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை" என்று வந்து நின்றான்.

எங்கள் குடும்பத்தில் பாம்பு என்ற சொல்லையே உரக்கச் சொல்வதில்லை. 1991ஆம் ஆண்டு என் தம்பி கட்டுவிரியன் கடித்து இறந்தான். அவனுக்கு ஆறு வயது. தரையில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தோம். கட்டுவிரியன் இரவில்தான் கடிக்கும். பல வேளைகளில் வலியே தெரியாது, வீக்கமும் இராது. ஃபஜ்ருக்கு எழுந்தபோது வயிறு வலிக்கிறது என்றான். பிறகு இமைகள் தாமாகவே தொங்கின. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். விஷயம் புரிந்த பின்பும் முதலில் ஓதி ஊதுபவரிடம்தான் தூக்கிச் சென்றோம். ஓதிப் பார்ப்பதை நான் மறுப்பவன் அல்லன். தேள் கொட்டிய ஒரு கூட்டத் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹா ஓதிய ஹதீஸை மக்தபிலேயே கற்றுக் கொடுக்கிறேன். ஆனால் அதை மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில் அமர்ந்தும் ஓதலாம் என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. தம்பியைத் தன் மடியில் வைத்திருந்தவர் அக்கா. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. அவருடைய மகன்தான் பாம்பு வளர்க்கிறான். மகன் அறைக்குள் அக்கா இரண்டு ஆண்டுகளாகக் கால் வைத்ததில்லை.

ஆகவே மறுத்தேன். "விற்றுவிடு, அல்லது காட்டில் விட்டுவிடு" என்றேன். அவன் கோபப்படாமல் விளக்கினான். அது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு, நஞ்சற்றது, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும், கூண்டில் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழும். நம் நாட்டு நல்ல பாம்பையோ சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது அயல்நாட்டு இனம் என்பதால் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்திருந்தான். பதிவுச் சான்றைக் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேச ஒப்பினேன். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் இத்தகைய பாம்புக் குட்டிகள் பிடிபடும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படி வந்த ஒன்றுக்கு என் வீட்டில் இடம் தர மாட்டேன்.

காட்டில் விடுவது பற்றிய பதில் எனக்கு வடநெம்மேலியில் கிடைத்தது. மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் சென்றான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் வைத்து வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் விஷமுறிவு மருந்து உருவாகிறது.

அங்கே ஒரு பெரியவர் கட்டுவிரியனைக் கம்பியால் எடுத்து மணலில் விட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கண்ணால் பார்த்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் வெள்ளை வளையங்களில் ஓர் அழகு இருந்தது என்று எழுதுவதற்கு எனக்குத் துணிவு வேண்டியிருக்கிறது.

2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த இருளர் சமூகத்தவர்களே. 2017இல் அவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். அங்கே மலைப்பாம்பு எப்படி வந்தது? ஆசைக்கு வாங்கி வளர்த்தவர்கள் பெரிதானதும் சதுப்புநிலத்தில் விட்டதும், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியதும்தான் காரணம். அவை பெருகி அந்நாட்டு முயல்களையும் பிற சிற்றுயிர்களையும் தின்று தீர்த்துவிட்டன. "காட்டில் விட்டுவிடு" என்று நான் சொன்ன அறிவுரையின் விளைவு அதுதான்.

சரி, வளர்க்கலாமா? கொல்லப்பட வேண்டியவை என்று ஹதீஸில் வந்துள்ள உயிரினங்களை வீட்டில் வைத்திருக்கலாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் கருத்து. பாம்பு சில அறிவிப்புகளில் அந்தப் பட்டியலில் வருகிறது. வீட்டில் காணும் பாம்பை உடனே கொல்லாமல் மூன்று நாள் எச்சரிக்கச் சொன்ன ஹதீஸும் உண்டு. அது மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊருக்குமா என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. நான் ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையவன் அல்லன். மருமகனிடம், "இன்னொன்று வாங்காதே" என்று மட்டும் சொன்னேன். இருப்பதைப் பற்றி எனக்கு ஐயமில்லை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடைத்து வைத்தவன் ஊட்ட வேண்டும். அடைத்தவன் ஊரில் இல்லையென்றால் பொறுப்பேற்றவன் ஊட்ட வேண்டும்.

உணவு என்றால் எலி. உறைநிலையில் பொட்டலமிட்ட வெள்ளெலிகளை மருமகன் கொடுத்துவிட்டுப் போனான். குர்பானி இறைச்சி வைக்கும் பெட்டியில் செத்த எலியா என்று என் மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது. பழைய சிறு ஃபிரிட்ஜ் ஒன்றை விலைக்கு வாங்கிப் பின்கட்டில் வைத்தோம்.

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஓர் எலி. பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியைவிட எலி பருமனாக இருக்கக் கூடாது. பையோடு தண்ணீரில் இட்டு முழுவதும் உருக வைத்து, பின் வெந்நீரில் சூடேற்ற வேண்டும். பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை, குளிர்ந்த இரையை அது பெரும்பாலும் தொடாது. நீண்ட இடுக்கியால் நீட்டினால் கண்ணிமைப்பதற்குள் பாய்ந்து பற்றிச் சுருட்டிக்கொள்ளும். செத்த எலியையும் கொல்வதுபோல் நெடுநேரம் இறுக்கும். பிறகு தலையைத் தேடி, தலையிலிருந்து விழுங்கும். பால் ஊற்றவா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். பால் அதன் உணவே அல்ல. வேண்டியது கிண்ணத்தில் நல்ல தண்ணீர்.

எங்கள் ஊர் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. திருத்தணி வட்டாரத்தில் மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும். சென்னைக் குளிரூட்டிய அறையில் பாம்புக்கு வெப்பமூட்ட விரிப்பு வைத்திருந்தார்கள். இங்கே நான் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு அறையைக் குளிர்விக்க வேண்டியிருந்தது.

கையில் எடுப்பதற்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. மூஸா (அலை) அவர்களே கைத்தடி பாம்பானபோது திரும்பி ஓடினார்கள், அஞ்சாமல் பிடியுங்கள் என்று அல்லாஹ் சொல்ல வேண்டியிருந்தது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. பருந்து என்று அஞ்சும். பக்கவாட்டில், நடு உடலின் அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்க வேண்டும். கையில் எலி வாடை இருந்தால் கையையே இரை என்று எண்ணும். முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்த, குளிர்ந்த, நன்கு தேய்ந்த தோல் வார் போல இருந்தது. பாம்பைத் தொட்டால் ஒளூ முறியுமா என்று மக்தப் பிள்ளைகள் கேட்டார்கள். முறியாது.

இரண்டாம் முறை உணவூட்டியபோது தவறு செய்தேன். வியாழன் மாலை எலியை விழுங்கியது. குறைந்தது இரண்டு நாள் தொடாதீர்கள் என்று மருமகன் எழுதியே வைத்திருந்தான். வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பிள்ளைகள், "ஹஜ்ரத், ஒரே ஒரு முறை காட்டுங்கள்" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் முன் துணிவுள்ளவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. எடுத்தேன். என் கையிலேயே எலியைக் கக்கிவிட்டது. பாம்புக்கு அது சிறு விஷயமன்று. செரிமான நீரெல்லாம் வெளியேறி உடல் தளர்ந்துவிடும். இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல், பிறகு சிறிய எலியாகக் கொடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னான். திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்துச் சிறிய எலியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் மாணவன் ஒருவன் தன் அப்பாவின் மளிகைக் கடைப் பொறியில் விழுந்த எலியை உயிரோடு கொண்டுவந்தான். "உள்ளே விட்டால் தானாகத் தின்னும் ஹஜ்ரத்." பொறிக்குள் அது மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. காட்டில் பாம்பு உயிருள்ள எலியைத்தானே தின்கிறது என்று அவன் வாதிட்டான். காட்டில் எலிக்கு ஓட வழியுண்டு. இங்கே வழியை அடைப்பவன் நானல்லவா? உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்து இலக்காக்குவதை நபி (ஸல்) தடுத்திருக்கிறார்கள். பசியில்லாத பாம்பை எலியே கடித்துக் குதறிவிடுவதும் உண்டு. வீட்டு எலி நோயும் கொண்டுவரும். திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். கடையில் அதை என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் பாம்பின் கண்கள் பால் படிந்ததுபோல் வெளிறியிருந்தன. மறுப்புக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. சட்டை உரிக்கும் காலத்தில் பார்வை மங்கும், பெரும்பாலும் இரையெடுக்காது. தொடாமல் விட்டேன். ஈரத் துணி போட்ட பெட்டி ஒன்றை உள்ளே வைத்தேன். ஒரு காலையில் முழுச் சட்டையும் காலுறையைப் போல் கழன்று கிடந்தது. கண்ணை மூடியிருந்த செதில்கள்கூட அதில் இருந்தன.

இதற்கிடையில் அக்கா தினமும் தொலைபேசியில் பேசுவார். என் உடல்நலம், பிள்ளைகள் படிப்பு, வெயில். பாம்பைப் பற்றி ஒரு சொல்லும் வராது. மருமகன் திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு, இஷாவுக்குப் பின், எலியைச் சூடாக்கி நீட்டினேன். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு பாய்ந்து பற்றியது. தொண்டையில் எலியின் வால் மறையும் வரை கதவருகில் நின்றிருந்தேன். அப்போது தொலைபேசி ஒலித்தது. அக்கா வழக்கம்போல் வெயிலைப் பற்றிக் கேட்டார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

"அது சாப்பிட்டதா?" என்றார்.

"இப்போதுதான் அக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வைத்துவிட்டார்.