நிலாவுக்கு இன்னும் 72,000 கிலோ மீட்டர்!

எங்கள் வீட்டில் மொத்தம் ஐந்து உருப்படிகள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு அம்பாஸடர். இதில் ரேஷன் கார்டில் பெயர் இல்லாதது அம்பாஸடர் மட்டும்தான். ஆனால் அதிகம் குடிப்பது அதுதான். லிட்டருக்கு ஒன்பது கிலோ மீட்டர். மனசு சரியில்லை என்றால் எட்டு.

அப்பா 1991-ல் வாங்கிய வண்டி. பெட்ரோல் எஞ்சின். கிலோ மீட்டர் காட்டும் மீட்டரில் ஐந்தே இலக்கம். 99,999 வந்ததும் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்படி மூன்று தடவை பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு இப்போது 12,400-ல் நிற்கிறது. ஆக, ஓடியிருப்பது 3,12,400 கிலோ மீட்டர். பூமியிலிருந்து நிலாவுக்கு சராசரி தூரம் 3,84,400. இன்னும் 72,000 ஓட்டினால் நிலா வந்துவிடும் என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன்.

"நிலா இருக்கட்டும். முதல்ல மாம்பலம் போகுமான்னு பாருங்க" என்றாள்.

குயில் என்ன செய்யும்? காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உட்கார்ந்து அடைகாக்கிற வேலை காக்காவுக்கு. அப்பா குயில். நான் காக்கா. இந்த உவமை எனக்குத் தோன்றிய இடமும் பொருத்தமாகத்தான் இருந்தது - குயிலாப்பாளையம்.

அங்கே எதற்குப் போனேன்? வண்டியை விற்க.

காரணம் இருக்கிறது ஸார். சொந்தக் காருக்கு முதல் ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷத்துக்கு. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல், இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இது போக பசுமை வரி. மனிதனுக்கு வயசானால் ரயிலில் சலுகை கொடுத்தார்கள். காருக்கு வயசானால் அபராதம்!

இந்த நேரம் பார்த்து, குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் பழைய அம்பாஸடர் தேடுகிறார், ஒன்றரை லட்சம்கூடத் தருவார் என்று நண்பர் மூலம் சேதி வந்தது. பெரியவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம். யோசிக்கவே இல்லை. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டுவிட்டேன்.

மைத்துனன் புதுக் கார்க்காரன். அவன் காரில் பின்னால் பார்க்க காமிரா உண்டு. பெல்ட் போடாவிட்டால் அதட்டும். மாதாமாதம் தவணை 14,800. "வித்துட்டு நிம்மதியா பஸ்ல வாங்க மாமா. ரெண்டு பேருக்கும் ரெஸ்ட்" என்று தாம்பரத்திலிருந்தே ஆரம்பித்தான்.

செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சரப்பாக்கம் என்று வண்டி கல்யாண வீட்டு மாமா மாதிரி எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டு போனது. திண்டிவனத்தில் டிபன். விழுப்புரம் ஒரு பக்கம், செஞ்சி ஒரு பக்கம், புதுச்சேரி ஒரு பக்கம் என்று சாலைகள் பிரியும் ஊர். தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் உண்டானது 1993 செப்டம்பரில். ஆக, எங்கள் வண்டி பிறந்தபோது இந்த மாவட்டமே பிறக்கவில்லை. சொன்னேன். மைத்துனன் இரண்டாவது பொங்கலில் மும்முரமாக இருந்தான்.

புதுச்சேரி ரோட்டில் திரும்பி, கிளியனூர் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு தும்மல் தும்மி ஓரமாக நின்றுவிட்டது. பதினொரு மணி வெயில்.

"நான் சொல்லல?" என்றான் மைத்துனன். போனை எடுத்து, இழுத்துப் போகும் வண்டிக்கு நம்பர் தேடினான். நான் பானெட்டைத் திறந்து, என் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின் மேல் சுற்றினேன். டீக்கடைக்குப் போய் ஆளுக்கொரு டீ குடித்தோம். பத்து நிமிஷம் கழித்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

"எப்படி மாமா?"

"பெட்ரோலுக்கு ஜுரம். நெத்தியில ஈரத்துணி போட்டேன்."

விஷயம் இதுதான். பழைய வண்டியில் பெட்ரோலை உறிஞ்சும் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. சூடு ஏறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சுவதற்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலானால் சரியாகிவிடும். புது வண்டிகளில் பம்ப் டாங்க்குக்குள்ளேயே முங்கிக் கிடப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அது நின்றுவிட்டால் ஈரத்துணியும் எடுபடாது.

இந்த வைத்தியம் அப்பா சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்தார் என்பதைவிட எழுதி வைத்தார் என்பது சரி. டாஷ் போர்டுக்குள் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை லிட்டர், எப்போது ஆயில் மாற்றினார், எப்போது கிரீஸ் அடித்தார், எல்லாம் அதில் உண்டு. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தபோது, பழைய எஞ்சினின் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது என்று கேள்விப்பட்டு, ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான வளையம் போட்டிருக்கிறார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும் என்பதால் அத்தனையையும் மாற்றினேன். அந்த வரி மட்டும் என் கையெழுத்து.

திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் மண் சிவக்க ஆரம்பிக்கிறது. முந்திரித் தோப்பு, பனை, வேலி. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் மொட்டைப் பொட்டல். இப்போது வெயிலே தரையில் விழாத அளவுக்கு மரம். அந்தக் காட்டிலிருந்து கடற்கரை சாலைக்கு இறங்கும் வழியில் இருக்கிறது குயிலாப்பாளையம்.

விசித்திரமான கடைத்தெரு. ஒரு பக்கம் மாரியம்மன் ஸ்பீக்கர்; எதிரே பிரெஞ்சு ரொட்டி வாசனை. வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் தக்காளிக்குப் பேரம் பேசுகிறார், தமிழில். வாடகை ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. 1969-ல் பிரான்சிலிருந்து ஒரு கோஷ்டி வண்டிகளிலேயே புறப்பட்டு, தரை வழியாகப் பல தேசங்களைக் கடந்து ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்காகக் கட்டிய 'ஆஸ்பிரேஷன்' குடியிருப்பு இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. கிளியனூரில் நின்றதற்கே இந்தப் பாடு. அவர்கள் எத்தனை துண்டு நனைத்தார்களோ!

விடுதிக்காரர் தங்கமானவர். இளநீர் கொடுத்தார். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவி, "இது, இதுதான் ஸார் நான் தேடினது" என்றார்.

"எஞ்சினைப் பார்க்கலையா?"

"எஞ்சின் எதுக்கு ஸார்? அதைக் கழட்டிடுவோம். வாசல்ல நிறுத்தி, மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, பானெட்டுக்குள்ள மண்ணு போட்டு போகன்வில்லா வைக்கப் போறேன். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க."

எனக்கு இளநீர் புரையேறியது. மைத்துனன் மட்டும், "நல்ல ஐடியா" என்றான்.

ஒரு அரை மணி அவகாசம் கேட்டுக்கொண்டு, ஹாண்ட் பிரேக் இழுக்கிறது என்று பொய் சொல்லி, கடைத்தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். புளிய மரத்தடி, இரண்டு ஸ்கூட்டர், ஒரு டிராக்டர் சக்கரம். அவ்வளவுதான் ஒர்க் ஷாப். ஐம்பது வயசிருக்கும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கதவுக்குக் கீழே தகரத்தை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... டிரைவர் பக்கம் வந்ததும் டொக்.

"இன்னா ஸார், இங்க துரு எடுத்திருக்குதே!"

"எஞ்சின் எப்படிங்க?"

"எஞ்சின் கெடக்குது ஸார், அதை எத்தினி தபா வேணும்னாலும் பண்ணிக்கலாம். இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனியா சேஸிஸ் கெடையாது. இந்தத் தகரம்தான் எலும்பு. இது போச்சுன்னா வண்டி போச்சு. இப்பவே வெட்டி, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிட்டீங்கன்னா தாங்கும்."

"சரி, இங்கேயே விடுதி வாசலில் நிறுத்தினால்?"

சிரித்தார். "கடல் இதோ கூப்பிடு தூரம். உப்புக் காத்து. மூணு மழை தாங்கினா பெரிசு. ஓடித் தேயற வண்டியைவிட நின்னு கெடற வண்டிதான் ஸார் ஜாஸ்தி. ஓடாத வண்டிக்குப் பாட்டரி மொதல்ல சாவும். அப்புறம் பிரேக் சிலிண்டர் புடிச்சுக்கும். கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் காஞ்சு கோந்து ஆயிடும். ஒரே எடத்துல நின்னா டயரு சப்பையாவும். மனுசனுக்கும் அதான ஸார்?"

ரிடையரான மறு மாதமே அப்பா சாய்வு நாற்காலி வாங்கினார் என்பதும், அதற்கப்புறம் அவர் நடந்தது குறைவு என்பதும் இவருக்கு எப்படித் தெரியும்?

மரத்தடியிலேயே நீல நோட்டை எடுத்து, போன வருஷக் கணக்கைக் கூட்டினேன். ரிப்பேர், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 41,000. மைத்துனனின் தவணை வருஷத்துக்கு 1,77,600. வெல்டிங் 15,000, ரிஜிஸ்ட்ரேஷன் 10,000 சேர்த்தாலும் நான் மலிவு. அதற்காக, ஆபீசுக்குப் பழைய கார் வாங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஏர் பாக் கிடையாது; ஏ.ஸி. கிடையாது, புகையும் புதுக் காரைவிட அதிகம். நானே மின்சார ரயிலில்தான் ஆபீஸ் போகிறேன். இந்த வண்டிக்கு மாதம் இரண்டு பயணம், அதுவும் வெயிலுக்கு முன்னால்.

உத்தரபாராவில் 2014 மே மாதமே அம்பாஸடர் தயாரிப்பு நின்றுபோயிற்று. பெயரையும் 2017-ல் 80 கோடிக்கு பெஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பெயருக்கு 80 கோடி, என் வண்டிக்கு ஒன்றரை லட்சம்! இன்றைக்கு ஒரு அம்பாஸடருக்குப் பார்ட் வேண்டுமென்றால் பெரும்பாலும் புதுப்பேட்டையில் இன்னொரு அம்பாஸடரைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஓடுகிற ஒவ்வொன்றும், ஓடாத சிலவற்றின் புண்ணியத்தில் ஓடுகிறது.

மனைவிக்குப் போன் போட்டேன். ஒன்றரை லட்சம், மஞ்சள் பெயிண்ட், போகன்வில்லா, டொக், எல்லாவற்றையும் சொன்னேன். ஃபீஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உங்கப்பா என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போன வண்டிங்க அது. அதுல போய் செடி வெக்கறதா?" என்றாள். "ஃபீஸுக்கு வளையலை வெச்சுக்கலாம். நீங்க ஓட்டிட்டு வாங்க. ஆனா அந்த ஓட்டையை அடைக்காம பிள்ளைங்களை அதுல ஏத்தக் கூடாது. வர்ற வழியில முந்திரிப் பருப்பு ஒரு கிலோ."

விடுதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓடறதை நிறுத்தறது பாவம்தான் ஸார். எங்கயாவது ஓடாதது இருந்தா சொல்லுங்க" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். கிளியனூர் டீக்கடை தாண்டும்போது மைத்துனன் மெதுவாக, "மாமா, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?" என்றான். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கியரை இடது கையால் தேடித் தேடி, தவறுதலாக நாலு தடவை வைப்பரைப் போட்டுவிட்டு, மேல்மருவத்தூர் வரை ஓட்டினான்.

வீடு வந்து சேர்ந்தபோது மீட்டரில் 12,700. நிலாவுக்கு இன்னும் 71,700 கிலோ மீட்டர்தான். நீல நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்: 'டிரைவர் பக்கம் டொக். திங்கட்கிழமை வெல்டிங்.'