பிளக்கின் இலக்கம்

மோட்டார் வாகனமொன்றின் உறுப்பைப் பற்றிய கட்டுரை தமிழ்ச் சங்க மலருக்கு ஏற்குமோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆயினும், சொல்ல வந்தது ஓர் இலக்கத்தைப் பிழையாக வாசித்ததன் விளைவு ஆதலால், வாசிப்பையே தொழிலாகக் கொண்டோர் பொறுத்துக்கொள்வர் என நம்புகின்றேன்.

எனது தந்தையார் பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றிலே சின்னத்துரையின் மொறிஸ் மைனர் காருக்குச் சாரதியாயிருந்தார். 1948இல் இங்கிலாந்திலே அறிமுகமான இவ்வகைக் கார், அங்கு உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் நமது மலைநாட்டு வீதிகளில் ஓடுகின்றது. எங்கள் காரின் இயந்திரம் 948 கன சென்றிமீற்றர். நான்கு உருளைகள், நான்கு பிளக்குகள். புரியின் விட்டம் 14 மில்லிமீற்றர், நீளம் முக்கால் அங்குலம், மின்வாய்களுக்கிடையே விடும் இடைவெளி 0.025 அங்குலம். இவற்றை அளந்து பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது வெப்பத் தரம்.

‘சூடான பிளக்’ என்றதும், அது உக்கிரமான பொறியைத் தருமெனப் பலர் எண்ணுவர். பொறிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. நடு மின்வாயைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு நீண்டிருப்பின், அது பெறும் வெப்பம் உருளைத் தலையைச் சென்றடைய நேரமெடுக்கும். நுனி சூடாகவே இருக்கும். மூக்குக் குறுகியிருப்பின் வெப்பம் விரைந்து நீங்கும். அது குளிர்ந்த பிளக். நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினாலே அதிற் படியும் கரி தானாக எரிந்தொழியும். 850 பாகைக்கு மேற் சென்றாலோ, பொறி விழுமுன்னரே பெற்றோற் கலவை தீப்பற்றி, பிஸ்டனையே உருக்கிவிடவும் கூடும்.

மலைநாட்டிலே கரிதான் பெருந்தொல்லை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பிலே சீராக்கப்பட்ட காபுறேற்றர், அங்கே இருக்கும் வளிக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டும். பங்களாவிலிருந்து பெரட்டுக் களம், அங்கிருந்து தொழிற்சாலை என்று ஓடும் காரிலே பிளக் சூடேறவும் அவகாசமில்லை. மூடுபனிக் காலையிற் சோக்கை இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கழற்றிப் பார்த்தால், இளமண்ணிறமாக இருக்கவேண்டிய மூக்கிலே விளக்குக் கரி அப்பியிருக்கும்.

1974ஆம் ஆண்டு இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். கரிக்குப் பரிகாரமாகச் சற்றுச் சூடான பிளக் தேடிய அப்பா, ஹட்டனிலிருந்து புதியதொரு பெட்டியோடு வந்தார். மூன்றாம் நாள் இரவு, லயத்திலே பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லத் துரை காரைக் கொடுத்தார். நோயாளரைக் கொழுந்து லொறியில் ஏற்றிய நாட்களில் அது பெரிய காரியம். துணைக்கு நானும் போனேன், பதினொரு வயது.

நோர்வூட்டைக் கடந்ததும் இரண்டு உருளைகள் ஓய்ந்தன. பிறகு இயந்திரமே நின்றது. அப்பா நான்கு பிளக்குகளையும் கழற்றி, வீதியோரக் கல்லில் வைத்து, பெற்றோல் தோய்த்துக் கொளுத்தி, கரியைத் துடைத்து மீண்டும் பூட்டினார். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னிருக்கையில் அந்தப் பெண் சத்தமிடவேயில்லை. ஆஸ்பத்திரியிலே தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. தாமதமே காரணமென்று எவரும் சொன்னதில்லை. அப்பா அந்த இரவைப் பற்றிப் பேசியதுமில்லை.

1998இலே நானும் ஒரு மைனரை வாங்கி நுவரெலியாவில் ஓட்டத் தொடங்கினேன். அதே கரி. என்.ஜி.கே. பெட்டியைக் காட்டி, “ஒரு நம்பர் கூட்டிப் போடுவோமா அப்பா?” என்றேன்.

“கூட்டாத தம்பி. இந்தப் பெட்டியில கூட்டுனா குளுருது. நான் ஒருதடவ கூட்டிட்டேன்.”

அவர் பழகியது சம்பியன் பிளக். அதன் வரிசையில் இலக்கம் ஏற ஏறச் சூடும் ஏறும். என்.ஜி.கே. வரிசை நேர்மாறானது, அதில் எட்டு, ஆறைவிடக் குளிர்ந்தது. அன்று அவர் சூடென்று நம்பி எடுத்தது எட்டு. பெட்டியின் பேரில் குற்றமில்லை; உண்மையை அவர் எப்போது அறிந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சூடான பிளக்கையும் அவர் போடவிடவில்லை. அது கரியை மறைக்குமேயன்றிக் கலவையைத் திருத்தாது. கொழும்புக்கு இறங்கிச் சமவெளியில் வேகமாக ஓடும்போது ஆபத்தையும் தரும். (1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு, பந்தயக் காரின் குளிர்ந்த பிளக்கைத் தம் காருக்குப் பூட்டும் இளைஞர்கள் எதிர்த்திசையிலே தவறுவர்.) ஆகவே ஆறாம் இலக்கமாகிய பிபி6இஎஸ் பிளக்கையே வைத்துக்கொண்டு, எஸ்.யூ. காபுறேற்றரின் அடியிலுள்ள நட்டை ஒரு பட்டை மேலே திருகிக் கலவையை மெலிவாக்கினோம். ஒரு வாரத்தில் மூக்கு மண்ணிறமாயிற்று.

கொழும்புக்குச் செல்லும்போது கித்துல்கலையில் நிறுத்தி நட்டை ஒரு பட்டை இறக்குகின்றேன், திரும்புகையில் ஏற்றுகின்றேன். அப்பாவின் பழைய புகையிலைத் தகரம் முன்னிருக்கையின் கீழே கிடக்கின்றது. உள்ளே துடைத்த பிளக்குகள் நான்கு, எல்லாம் ஆறு.