கொழுந்தும் குருதியும்

கண்டியைச் சூழ்ந்த மலைகளை நோக்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஒரு கணக்கு எழுகிறது. பேராதனைப் பூங்கா 1821இல் அமைந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கென ஆராய்ச்சி நிலையம் 1925இல் பிறந்தது. பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியதோ 1962இல்! மலைநாட்டில் செடிக்குப் பின்னரே மனிதனுக்கு முறை வந்தது.

இடைக்காலத்தில் தொழிலாளியின் உடலை எவரும் ஆராயவில்லை என்பதன்று. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கிற்று. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோகை கண்டவர் முழுவேலை செய்யார் என்பதே துரைமாரின் கவலை. மருந்து கொடுப்பது எளிதாயிற்று; மலசலகூடம் கட்டுவதோ செலவாகத் தோன்றிற்று. மருந்துண்டவரை அதே மண் மீண்டும் பற்றிக்கொண்டது.

ஆகவே, கேள்வியைக் கேட்பவர் யார், யாருக்காகக் கேட்கிறார் என்பதே ஆராய்ச்சியின் உயிர்நாடி. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாய் விளங்கிய செனக பிபிலே இதை உணர்ந்தவர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கை, 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்ற வழிவகுத்தது. ஏழை நோயாளியின் சட்டைப்பை, அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

இன்று கண்டியில் ஆய்வுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. 1981இல் நிறுவப்பட்ட அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் ஹந்தானைச் சாலையிலேயே இருக்கிறது. ஆனால் கருவி மட்டும் ஆய்வாளனை உருவாக்கிவிடுமா? லயத்துத் தாய் ரொட்டியோடு வெறுந்தேநீர் அருந்துகிறாள். உணவோடு பருகும் தேநீர், தாவர உணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பது விஞ்ஞானம் அறிந்த உண்மை. அவளது சோகையில் புழுவின் பங்கென்ன? தேநீரின் பங்கென்ன? கூலியின் பங்கென்ன? மூன்றையும் ஒருசேரக் கேட்கும் பயிற்சி பட்டம் பெறுமுன்னரே மாணவருக்கு வேண்டும். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்கும் அவர்கள், ஒரு துளி குருதி எடுக்குமுன் அவள் மொழியில் சம்மதம் கேட்கவும், முடிவை அவள் மொழியிலேயே திருப்பிச் சொல்லவும் பழகவேண்டும்.

ஆசிரியராகிய நமக்கு இதிலே பெரும் பொறுப்புண்டு. விடையை ஒப்புவிக்கும் மாணவரைப் பாராட்டியது போதும். லயத்து வாசலில் நின்று புதிய கேள்வியொன்றோடு திரும்பும் மாணவரை உருவாக்குவோம். நாட்டின் ஆராய்ச்சி வலிமை அங்கேதான் தொடங்குகிறது.