தொட்டி இல்லாத கண்காட்சிகள்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், உஸ்குதாரின் மேட்டுத் தெருக்களில், எப்ரு பட்டறைகளைத் தேடிப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சுவரில் மாட்டிய சட்டங்கள்தான். தொட்டியில் நிரப்பிய பிசைநீரின் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு அதைத் தாளில் ஒற்றி எடுக்கும் இந்தக் கலையை 2014-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று எப்ரு கலைஞர்கள் தங்கள் கண்காட்சிகளைப் பற்றி மட்டுமல்லாமல், எழுத்துக்கலை, பொன்னணி வேலை, புத்தகக் கட்டு எனப் பக்கத்துக் கலைகளின் கண்காட்சிகளைப் பற்றியும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள். அந்த அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கண்காட்சியில் தொங்கும் தாளைப் பார்த்துவிட்டு எப்ருவைப் பார்த்துவிட்டோம் என்று நினைப்பது தவறு. இந்தக் கலையின் உயிர் தாளில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. தொட்டியை மறைத்துத் தாளை மட்டும் காட்டும் கண்காட்சி, தான் காப்பாற்ற நினைப்பதையே மெல்ல மெல்லக் கைவிடுகிறது.

தொட்டி அருகே நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அஸ்திராகலஸ் என்ற முட்புதரின் பிசினை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்; இதுதான் பிசைநீர். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கிடைக்கும் நிறங்களைப் பளிங்குப் பலகையில் குழவியால் மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்குப் புகைக்கரி, நீலத்துக்கு அவுரி. அந்த அவுரியை இன்றும் லாகூரின் பெயரைச் சேர்த்தே அழைக்கிறார்கள். ரோஜாக் கிளையில் குதிரைமயிரைச் சுற்றிக் கட்டிய தூரிகைகள் பக்கத்தில் இருக்கும். எல்லாவற்றையும் விட நுட்பமானது மாட்டுப் பித்தநீர். அது கலக்காத நிறம் அடியில் மூழ்கிவிடும், அளவு மீறினால் நிறம் பரந்து வெளிறிவிடும். முதலில் தெளித்த நிறத்தை ஒதுக்கி இடம்பிடிக்க வேண்டும் என்பதால், அடுத்தடுத்து வரும் நிறங்களுக்குப் பித்தநீர் கூடிக்கொண்டே போக வேண்டும். எத்தனை சொட்டு என்பதை எந்த ஏடும் தீர்த்துச் சொல்ல முடியாது. அறையின் வெப்பம், காற்றின் ஈரம், பிசைநீரின் வயது எல்லாம் அதை மாற்றும். ஒரு துளி விட்டு, அது எவ்வளவு விரிகிறது என்று பார்த்து, கிண்ணத்தில் இன்னும் ஒரு சொட்டுச் சேர்க்கும் அந்தத் தீர்ப்புதான் வித்தை. அதன் பிறகு தெளிப்பதும், ஊசியால் இழுப்பதும், தாளை ஒரு ஓரத்திலிருந்து காற்றுக்குமிழ் சிக்காமல் படுக்கவைப்பதும், தொட்டியின் விளிம்போடு உரசி உருவி எடுப்பதும் சில நிமிட வேலை. அடிப்படைத் திறன் கைவரவே குறைந்தது இரண்டு ஆண்டு ஆகும் என்று யுனெஸ்கோ ஆவணம் சொல்வது இந்தத் தீர்ப்பைக் கற்கும் காலத்தைத்தான்.

தாள் மட்டும் பிழைத்துக் கலை மறைந்துபோனதற்குச் சான்று நம் தக்காணத்திலேயே உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிஜாப்பூரில் இதே முறையில் படங்கள் செய்தார்கள். உருவத்துக்கு வெளியே வண்ணம் ஏறாதபடி மறைத்து, எலும்பும் தோலுமான ஒரு குதிரையின் உடல் முழுவதையும் அலைவரிகளால் நிரப்பிய தாள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அற்புதமான வேலை. ஆனால் அதைச் செய்த கைகளிலிருந்து அடுத்த கைகளுக்கு அந்த வித்தை தொடர்ந்து வரவில்லை. உஸ்குதாரிலோ சங்கிலி அறுபடவில்லை. புகாராவில் எப்ரு கற்றுவந்த ஷேக் சாதிக் எஃபெந்தி, உஸ்பெக் தர்வேஷ் மடத்தில் தம் மகன் எத்ஹெமுக்குக் கற்பித்தார். எத்ஹெமிடம் நெஜ்மெத்தின் ஓக்யாய் கற்றார், அவரிடம் அவருடைய உறவினர் முஸ்தபா தூஸ்குன்மான் கற்றார். உஸ்குதாரில் மூலிகைக் கடை நடத்திய தூஸ்குன்மான் 1990-இல் மறைந்தார். இன்று பட்டறை நடத்தும் ஆசான்கள் பலர் இந்த வரிசையில் வந்தவர்கள்.

சட்டம் இல்லாமல் இந்தக் கலைஞர்கள் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி நியாயமானது. எப்ரு முதலில் புத்தகத்தின் உறுப்பு: அட்டையின் உட்பக்கத் தாள், எழுத்துக்கலை ஏடுகளின் ஓரம், அழித்துத் திருத்த முடியாதபடி ஆவணங்களுக்குப் பின்னணி. 1925-இல் துருக்கியில் தர்வேஷ் மடங்கள் மூடப்பட்டன. 1928-இல் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. அதோடு கையெழுத்து ஏடுகளின் உலகமே சரிந்தது, அவற்றைச் சார்ந்திருந்த எப்ருவும் வேலை இழந்தது. சுவர்தான் அதற்கு மறுவாழ்வு தந்தது. அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. அதுதான் இப்போதே இருக்கிறதே, பார்வையாளர் முன் ஐந்து நிமிடத்தில் ஒரு துலிப் பூவைச் செய்து காட்டுகிறார்களே என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே பிசைநீர் முன்கூட்டியே தயாராகி வந்திருக்கிறது, நிறங்களின் பித்தநீர் அளவு முடிவாகிவிட்டது. கடினமான பகுதி முழுவதும் திரைக்குப் பின்னால் முடிந்துபோயிருக்கிறது. வித்தையை மாயாஜாலமாக்கும் அந்தக் காட்சி, எப்ருவை எளிதென்று நம்பவைத்து, இரண்டு ஆண்டு கற்க வருகிறவரின் எண்ணிக்கையைக் குறைக்கவே செய்யும் என்று அஞ்சுகிறேன்.

பழைய முறையையே பிடித்துக்கொண்டால் கலை உறைந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஹாகியா சோபியாவில் குத்பா என்ற வெள்ளிக்கிழமை உரை ஓதிய ஹதீப் மெஹ்மெத் எஃபெந்தி, வண்ணத் துளிக்குள் துளி வைத்து ஊசியால் இழுத்து அமைத்த சிறு உருவங்கள் இன்றும் அவர் பெயரால் ஹதீப் எப்ரு எனப்படுகின்றன. 1773-இல் வீட்டில் பிடித்த தீயில் அவர் இறந்தார். அடையாளம் தெரியும் பூக்களை நீரில் வரைவதை நிலைநிறுத்தியவர் ஓக்யாய். மரபில் மிகக் கறாரானவர் என்று பெயரெடுத்த தூஸ்குன்மானே அந்தப் பூக்களோடு டெய்சியையும் சேர்த்தார். மூவரும் தொட்டியின் நடத்தையை முழுக்க அறிந்திருந்ததால்தான் அதை வளைக்க முடிந்தது. கடற்பாசிப் பொடியிலிருந்து பிசைநீர் தயாரிப்பதையோ, கடையில் அரைத்து விற்கும் நிறத்தையோ நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கலைஞர் எதை எதற்குப் பதிலாகப் பயன்படுத்தினார் என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

பழைய எப்ரு தாள்களில் பெரும்பாலும் கையெழுத்து கிடையாது. இன்றைய கண்காட்சியில் ஒவ்வொரு சட்டத்தின் கீழும் பெயர்ச் சீட்டு இருக்கிறது, இருக்கட்டும். அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் உண்டு: யாரிடம் கற்றார், பிசைநீரும் நிறமும் எவை. அரங்கின் ஒரு மூலையில், நிறம் மூழ்கிப்போன தாள், வெளிறிய தாள், குமிழ் விழுந்த தாள் என ஒரு கட்டு கெட்ட தாள்களையும் வைக்கலாம். பித்தநீர் ஒரு சொட்டுக் குறைந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பேச்சையும் விட அவை தெளிவாகச் சொல்லும்.